ஒரே படத்துல அந்தப் புனிதர் ஏன் ரெண்டு தடவ இருக்காரு?

உங்க கேள்வி இதுதான். இடைக்கால ஐரோப்பாவுல கையால எழுதி வரைஞ்ச ஒரு புத்தகத்தோட படத்தைப் பாத்திருக்கீங்க, ஒரு துறவி கடல்ல நிக்கிறாரு, அதே துறவி அதே படத்துல கரையிலயும் இருக்காரு, அவரு காலடியில ரெண்டு நீர்நாய். அப்புறம் வேற வேற புனிதர்களோட படங்களையும் தேடிப் பாத்திருக்கீங்க, எல்லாருக்கும் ஒரே மூஞ்சி, வானம் இருக்க வேண்டிய எடத்துல தங்கம். "இவங்களுக்கு வரையத் தெரியலையா, இல்ல படிக்காத ஜனங்களுக்குப் புரியட்டும்னு இப்படி போட்டாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டுமே இல்ல. நான் பல வருஷமா இந்தப் புத்தகங்களைத்தான் பாத்துட்டு இருக்கேன், என்னைப் பொறுத்தவரைக்கும் இதெல்லாம் கதைக்குப் போட்ட படம் கெடையாது, ஒரு மடம் "இவரு எங்க ஆளு, இன்னும் எங்க கூடத்தான் இருக்காரு"ன்னு எழுதி வச்சுக்கிட்ட பத்திரம். இதை மனசுல வச்சுக்கிட்டுப் பாத்தா நீங்க கேட்ட எல்லாத்துக்கும் பதில் கெடைக்கும், கொஞ்சம் நீளமாத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல நீங்க பாத்த அந்தப் படம். அது புனித கத்பர்ட்டோட கதை. வட இங்கிலாந்துல லிண்டிஸ்ஃபார்ன்னு ஒரு தீவு, அங்க துறவியா இருந்து, 685ல ஆயர் ஆகி, கடைசியில ஃபார்ன்ங்கிற பாறைத் தீவுல தனியா இருந்து 687 மார்ச் 20 அன்னைக்கு செத்துப்போனவரு. அவரு வாழ்க்கையை பீட்ங்கிற துறவி 721 வாக்குல லத்தீன்ல எழுதினாரு. அதுக்கு ஏறக்குறைய நானூத்தம்பது வருஷம் கழிச்சு, 12ஆம் நூற்றாண்டு கடைசியில, அதே வட இங்கிலாந்துல டர்ஹாம்ங்கிற ஊரு மடத்துத் துறவிகள் அதே நூலை முழுப்பக்கப் படங்களோட மறுபடி எழுதினாங்க. அதுல இன்னைக்கு 46 படம் மிச்சம் இருக்கு, புத்தகம் லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. ஸ்க்ரீன்ல பாக்குறப்ப பெரிய ஓவியம் மாதிரி தெரியும், ஆனா நிஜத்துல அது கைக்குள்ள அடங்குற சின்னப் புத்தகம், இதை மறந்துடாதீங்க, ஏன்னா அது கும்பலா நின்னு பாக்குறதுக்கு செஞ்ச பொருள் இல்லன்னு அந்த அளவே சொல்லிடுது.

பீட் சொல்ற கதை என்னன்னா, கோல்டிங்ஹாம்னு ஒரு மடம், அதுக்குத் தலைவி எப்பாங்கிற அம்மா, அவங்க கூப்பிட்டு கத்பர்ட் அங்க போய் சில நாள் தங்குறாரு. ராத்திரி எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம் இவரு மட்டும் எந்திரிச்சு வெளிய போறாரு. எங்கதான் போறாருன்னு பாக்க ஒரு துறவி பின்னாடியே போறாரு. கத்பர்ட் நேரா கடலுக்குள்ள இறங்குறாரு, கழுத்து வரைக்கும் தண்ணி, அது வட கடல், அந்தக் குளிரை நெனச்சுப் பாருங்க, விடிய விடிய அங்கயே நின்னு ஜெபம் பண்றாரு. விடியக்காலையில கரைக்கு வந்து முழங்கால் போட்டு ஜெபத்தைத் தொடர்றாரு, அப்ப கடல்லேர்ந்து ரெண்டு நீர்நாய் வந்து, மூச்சு விட்டு அவரு காலைச் சூடு பண்ணி, தங்களோட மயிரால ஈரத்தைத் தொடச்சு விடுதுங்க. அவரு ஆசீர்வதிக்கிறாரு, அதுங்க தண்ணிக்குள்ள போயிடுதுங்க. ஒளிஞ்சு பாத்தவரு பயத்துல ஒடம்பு சரியில்லாம படுத்துடறாரு, மறுநாள் வந்து அழுது மன்னிப்பு கேக்குறாரு. கத்பர்ட் சொல்றது ஒண்ணே ஒண்ணு: நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இதை யாருக்கும் சொல்லாதே.

இப்ப படத்துக்கு வாங்க. ஓவியர் ஒரே பக்கத்துல ராத்திரியையும் வச்சிருக்காரு விடியலையும் வச்சிருக்காரு, கடல்ல கத்பர்ட், கரையில கத்பர்ட், காலடியில நீர்நாய். நாம இன்னைக்கு ஒரு படம்னா ஒரு நொடின்னு பழகிட்டோம், கேமரா வந்ததுக்கு அப்புறம் அது இன்னும் கெட்டியாயிடுச்சு. அவங்களுக்கு ஒரு படம்னா ஒரு சம்பவம். சம்பவத்துக்கு முன்ன பின்ன உண்டு, அதனால ஆளு ரெண்டு தடவ வர்றது அவங்களுக்குக் குழப்பமே இல்ல, ஜெபமும் அதுக்குக் கெடச்ச பலனும் ஒரே பார்வையில விழணும்ங்கிறதுதான் கணக்கு. ரெண்டையும் பிரிச்சு ரெண்டு பக்கத்துல போட்டிருந்தா ஒண்ணு வெறும் குளிர்ல நிக்கிற மனுஷன், இன்னொண்ணு வெறும் பிராணி கதை.

அடுத்தது மூஞ்சி. இதுல வரையத் தெரியாமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு நான் அடிச்சுச் சொல்வேன், ஏன்னா இதே ஆளுங்க துணி மடிப்பையும் பறவை இறகையும் அவ்வளவு நுணுக்கமா வரைவாங்க. 6ஆம் நூற்றாண்டுல, இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்கிற தூர் நகரத்து ஆயர் கிரெகோரி ஒரு கேள்வி எழுப்புறாரு, புனிதர்களோட "வாழ்வு"ன்னு ஒருமையில சொல்லணுமா, "வாழ்வுகள்"னு பன்மையில சொல்லணுமான்னு. ஒருமைதான் சரின்னு முடிவு பண்றாரு, ஆளுக்கு ஆளு புண்ணியம் வேற வேறயா இருந்தாலும் எல்லாருக்குள்ளயும் ஓடுறது ஒரே வாழ்வுன்னு. இதுதான் சாவி. கத்பர்ட்டைப் பத்தி பீடுக்கு முன்னாடி எழுதின பேர் தெரியாத லிண்டிஸ்ஃபார்ன் துறவி, அவரோட குணத்தை வர்ணிக்கிறப்ப எகிப்து பாலைவனத்துத் துறவி அந்தோணியாரோட வாழ்க்கை வரலாற்றுலேர்ந்தும் தூர் மார்ட்டினோட வரலாற்றுலேர்ந்தும் வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருக்காரு. நமக்கு அது காப்பி. அவங்களுக்கு அது சாட்சி, அந்தோணியார் மாதிரியே இருந்தாருன்னாதான் இவரு புனிதர். எழுத்துல வரியை எடுத்த மாதிரியே ஓவியத்துல மூஞ்சியையும் கை அசைவையும் நிக்கிற விதத்தையும் எடுத்தாங்க. புனிதர் சாகுறப்ப அவரு ஆத்மாவை ஒரு சின்ன உருவமா தேவதூதர்கள் துணியில ஏந்தி மேல கொண்டு போற காட்சி இருக்கே, அது எத்தனை புனிதருக்கு எத்தனை நாட்டுல வரைஞ்சிருக்காங்கன்னு எண்ணி மாளாது. யாருன்னு அடையாளம் சொல்றதுக்கு மூஞ்சி தேவைப்படல, உடுப்பு, கையில இருக்கிற பொருள், பக்கத்துல எழுதின பேரு, இது போதும்.

இப்ப "படிக்காத ஜனங்களுக்காக"ங்கிறதுக்கு வர்றேன், இதை பள்ளிக்கூடப் பாடத்துலேர்ந்து டாக்குமெண்டரி வரைக்கும் எல்லா எடத்துலயும் சொல்லிட்டே இருக்காங்க. இதுக்கு மூலம் போப் கிரெகோரி 600 வாக்குல மார்சேய் ஆயர் செரேனஸுக்கு எழுதின கடிதங்கள், படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எழுத்து என்ன செய்யுதோ படிக்காதவங்களுக்குப் படம் அதைச் செய்யுதுன்னு அதுல சொல்றாரு. ஆனா அவரு பேசினது கோயில்ல ஜனங்க கண்ணு முன்னாடி இருந்த படங்களைப் பத்தி, செரேனஸ் அதையெல்லாம் ஒடச்சதால வந்த பிரச்சனை அது. கைக்குள்ள அடங்குற ஒரு லத்தீன் புத்தகம், மடத்துக்குள்ள பூட்டி வச்சது, அதை எந்த விவசாயி வந்து புரட்டப்போறாரு? அந்தப் படங்களைப் பாத்தவங்க லத்தீன் நல்லா படிக்கத் தெரிஞ்ச துறவிகள். கதையை அவங்க மனப்பாடமா அறிஞ்சவங்க. தெரியாததைத் தெரிஞ்சுக்க அவங்களுக்குப் படம் தேவைப்படல.

அப்ப எதுக்கு? இங்கதான் டர்ஹாம் கதை வேணும்.

கத்பர்ட் செத்து 11 வருஷம் கழிச்சு, 698ல, பெட்டியைத் திறந்தப்ப ஒடம்பு கெடாம இருந்துச்சுன்னு பீட் எழுதுறாரு. அன்னைக்கே அவரு புனிதர். 793ல வைக்கிங்குகள்ங்கிற கடல் கொள்ளைக்காரங்க லிண்டிஸ்ஃபார்னைக் கொள்ளையடிக்கிறாங்க, 875ல அங்க இருந்த சமூகம் பெட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிடுது, ஊர் ஊரா சுத்தி, செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்ல நூறு வருஷத்துக்கு மேல இருந்து, 995ல டர்ஹாம்ல வந்து நெலைக்கிறாங்க. இவ்வளவு தூரம் அந்தப் பெட்டியைச் சொமந்த பரம்பரையில வந்தவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டு குடும்பமா இருந்த குருக்கள், தங்களை கத்பர்ட்டோட ஜனங்கன்னே சொல்லிக்கிட்டாங்க. நார்மன்கள் இங்கிலாந்தைப் புடிச்சதுக்கு அப்புறம், 1083ல, டர்ஹாம் ஆயர் வில்லியம் இவங்களை வெளிய அனுப்பிட்டு பெனடிக்ட் சபைத் துறவிகளைக் கொண்டு வந்து உக்கார வைக்கிறாரு. யோசிச்சுப் பாருங்க, இருநூறு வருஷமா அந்த ஒடம்பைக் காப்பாத்தின குடும்பங்களை அனுப்பிட்டு வந்தவங்க, "இவரு உங்க ஆளு இல்ல, எங்க ஆளு, இவரும் எங்கள மாதிரி மடத்துல விதிப்படி வாழ்ந்த துறவிதான்"னு காட்டியாகணும்.

அந்த நேரத்துலதான், 1100ஐ ஒட்டி, பீட் எழுதின வாழ்க்கையைக் கலர் மையில வரைஞ்ச 55 படங்களோட டர்ஹாம்ல ஒரு புத்தகமா செய்றாங்க, அது இப்ப ஆக்ஸ்ஃபோர்ட்ல இருக்கு, தங்கம் கெடையாது, கோட்டோவியம் மாதிரி இருக்கும், எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். 1104ல புதுசா கட்டின கதீட்ரலுக்கு, அதாவது ஆயரோட பெரிய கோயிலுக்கு, ஒடம்பை மாத்துறாங்க, அதுக்கு முன்னாடி பெட்டியைத் திறந்து பாக்குறாங்க, மறுபடியும் கெடாம இருந்துச்சுன்னு சாட்சி எழுதுறாங்க. அப்ப உள்ள ஒரு குட்டி யோவான் நற்செய்திப் புத்தகமும் கெடச்சது, 8ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல செஞ்சது, செவப்புத் தோல் அட்டை அப்படியே இருக்கு, ஐரோப்பாவுல கட்டு கலையாம முழுசா பொழச்ச புத்தகங்கள்ல இதுதான் ஆகப் பழசு, 2012ல பிரிட்டிஷ் லைப்ரரி இதை 90 லட்சம் பவுண்டு குடுத்து வாங்குச்சு.

அப்புறம் நீங்க பாத்த அந்த 46 படப் புத்தகம். அது செஞ்ச காலத்தைக் கவனிங்க. 1170ல தெற்கு இங்கிலாந்துல கேண்டர்பரி கதீட்ரலுக்குள்ளயே பேராயர் தாமஸ் பெக்கெட்டை வெட்டிக் கொல்றாங்க, 1173ல அவரைப் புனிதரா அறிவிக்கிறாங்க, ஐரோப்பா முழுக்க ஜனங்க கேண்டர்பரிக்கு ஓடுறாங்க. வடக்குல ஐநூறு வருஷமா இருந்த ஒரு புனிதரோட மடம் அப்ப என்ன நெனச்சிருக்கும்? இந்தப் புத்தகம் அதுக்குப் பதில்னு நான் வாசிக்கிறேன். முதல் படமே கதை இல்ல, ஆயர் உடுப்புல நிக்கிற கத்பர்ட்டோட காலுல ஒரு துறவி விழுந்து முத்தம் குடுக்குறாரு. அந்தத் துறவி யாரு, புத்தகத்தைக் கையில வச்சிருக்கிறவரேதான். கிட்டத்தட்ட ஒரு தல புராணத்தோட முதல் பக்கம் மாதிரி.

இதுல இன்னொரு விஷயம் மனசை ரொம்ப உறுத்தும். நீர்நாய் கதை நடந்தது ஒரு பெண் தலைமை தாங்கின மடத்துல, அங்க ஆணும் பெண்ணும் தனித்தனியா இருந்தாலும் ஒரே நிர்வாகம், பீட் எழுதுற கத்பர்ட் எல்ஃப்ளாட்ங்கிற இன்னொரு மடத்துத் தலைவிகிட்டயும் ரொம்ப அன்பா பழகினவரு. ஆனா டர்ஹாம் கதீட்ரல்ல பெண்கள் ஒரு கருப்புக் கல் கோட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாதுன்னு வச்சாங்க, கேட்டா கத்பர்ட்டுக்குப் பெண்கள் வர்றது ஆகாதுன்னு கதை. அந்தக் கோடு இன்னைக்கும் தரையில இருக்கு. அதே மடத்து ஓவியர்தான் எப்பாவோட ஊருல நடந்த காட்சியை வரைஞ்சிருக்காரு.

பத்திரம்னு சொன்னேன்ல, அதுக்கு இன்னும் பச்சையான உதாரணம் வேணும்னா புனித எட்மண்ட். ஈஸ்ட் ஆங்கிலியா ராஜா, 869ல டேனிஷ் படை கொன்னுடுச்சு. அவரு ஒடம்பு இருந்த பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துல 1130 வாக்குல செஞ்ச புத்தகம் இப்ப நியூயார்க் மார்கன் லைப்ரரில இருக்கு, 32 முழுப்பக்கப் படம். மரத்துல கட்டி அம்பு விட்டு முள்ளம்பன்றி மாதிரி ஆக்குறது, தலையை வெட்டி காட்டுல வீசுறது, தேடிப்போனவங்களுக்கு அந்தத் தலை "இங்க, இங்க, இங்க"ன்னு குரல் குடுக்குறது, ஒரு ஓநாய் அந்தத் தலையைக் கடிக்காம காவல் காக்குறது, எல்லாம் உண்டு. ஆனா கதை அங்க முடியல. மடத்துல திருட வந்த எட்டு பேரை புனிதர் நின்ன எடத்துலயே அசையாம நிக்க வைக்கிறாரு, ஆயர் அவங்களைத் தூக்குல போடுறாரு, எட்டு பேர் வரிசையா தொங்குற படம் இருக்கு. அதுக்கப்புறம் ஸ்வெய்ன்ங்கிற டேனிஷ் ராஜா மடத்து ஜனங்ககிட்ட வரி கேக்குறாரு, செத்து நூத்தம்பது வருஷம் ஆன எட்மண்ட் ராத்திரி வந்து ஈட்டியால குத்திக் கொல்றாரு. ஸ்வெய்ன் 1014ல செத்தது வரலாறு. இந்தப் படத்தை யாருக்குக் காட்டணும்? எங்க நெலத்துல கை வைக்க நெனைக்கிற எந்த ராஜாவும், எந்த ஆயரும். கடைசிப் படத்துல எட்மண்ட் சிங்காசனத்துல உக்காந்திருக்காரு, தேவதூதர்கள் முடி சூட்டுறாங்க, ரெண்டு துறவிகள் காலுல முத்தம் குடுக்குறாங்க. மறுபடியும் அதே முத்தம்.

சரி, எப்படி செஞ்சாங்கன்னும் ஒரு வரி கேட்டிருந்தீங்க, அதைச் சொல்லாம விட மனசு வரல, ஏன்னா இதுல பாதிப் பொருளுக்கு நம்ம நாட்டு மருந்துக் கடையில பேரு இருக்கு. பக்கம்ங்கிறது பேப்பர் இல்ல, கன்னுக்குட்டி இல்லன்னா ஆட்டுத்தோல். சுண்ணாம்புத் தண்ணில பல நாள் ஊற வச்சு, மயிரைச் சொரண்டி, மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி, அது காயக் காய பிறை மாதிரி வளைஞ்ச கத்தியால வழிச்சுக்கிட்டே இருக்கணும். நல்லா செஞ்ச தோலோட பக்கத்தைப் புரட்டினா ஒரு தனி சத்தம் வரும், கிட்டப் பாத்தா சில எடத்துல மயிர்க்கால் புள்ளி தெரியும். எழுத வாத்து இறகு. மை எதுல? மாசிக்காயை இடிச்சு ஊறப்போட்டு, அதுல அன்னபேதி கலந்து, கருவேலம் பிசின் மாதிரி ஒரு அகேசியா பிசினைச் சேத்தா அதுதான். எழுதுறப்ப வெளிறி இருக்கும், காத்து பட்டதும் கருப்பாகி தோலுக்குள்ள இறங்கிடும், அழிக்கணும்னா கத்தியால சொரண்டணும்.

எழுதுறவரு முதல்ல எழுதிட்டு படத்துக்கு எடம் விட்டுடுவாரு. கத்பர்ட் வாழ்க்கைக்கே அப்படி எடம் மட்டும் விட்டு படமே வரையாம போன ஒரு பிரதி கேம்பிரிட்ஜ்ல இருக்கு, அந்தக் காலி எடங்களைப் பாக்குறப்ப அதை யாரோ இன்னைக்கோ நாளைக்கோ வந்து வரையப்போற மாதிரி இருக்கும். படம் போடுறப்ப முதல்ல கோடு, அடுத்தது தங்கம், அதுக்கப்புறம்தான் கலர். தங்கம் முதல்ல ஏன்னா தங்கத் தகடு ஏற்கனவே போட்ட கலர் மேலயும் ஒட்டிக்கும், அப்புறம் அதை அழுத்தித் தேய்க்கணும், தேய்ச்சா பக்கத்துல இருக்கிற கலர் போயிடும். ஜிப்சம், ஈய வெள்ளை, பசை, கொஞ்சம் சர்க்கரை இல்லன்னா தேன், இதெல்லாம் குழைச்சு மேடு மாதிரி வச்சு காய விட்டு, தகடு வைக்கிறதுக்கு சரியா முன்னாடி அது மேல வாயால ஊதணும். அந்த மூச்சோட ஈரத்துலதான் தங்கம் புடிக்கும். அப்புறம் நாயோட பல்லையோ வழவழப்பான கல்லையோ வச்சு தேய்க்கணும். நான் ஒரு தடவ ஒரு சின்னப் பட்டறையில இதைச் செஞ்சு பாத்தேன், ஊதிட்டு தகட்டை வச்சு தேய்ச்சு கையை எடுத்தப்ப அந்த மேடு உருகின உலோகம் மாதிரி மின்னுச்சு, என் மூச்சு அதுக்குள்ள இருக்குன்னு தோணுனப்ப ஒரு நிமிஷம் பேச முடியல. வானத்துக்குப் பதிலா ஏன் தங்கம்னு கேட்டீங்களே, மெழுகுவத்தி வெளிச்சத்துல பக்கத்தை லேசா சாய்ச்சா அந்தத் தங்கம் அசையும், ஒளி அதுக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும், ஃபோட்டோல அது செத்துப்போயிடும். இங்கிலீஷ்ல இந்தப் புத்தகங்களை இலுமினேட்டட்னு சொல்றாங்களே, ஒளியூட்டினதுன்னுதான் அதுக்கு அர்த்தமே.

கலர்ல செவப்புக்கு சாதிலிங்கம், அது பாதரசமும் கந்தகமும் சேந்தது, அப்புறம் ஈயச் செந்தூரம். இந்த ஈயச் செந்தூரத்துக்கு லத்தீன்ல மினியம்னு பேரு, மினியேச்சர்ங்கிற வார்த்தையே அதுலேர்ந்து வந்ததுதான், சின்னதுங்கிற அர்த்தம் பின்னாடி ஒட்டிக்கிச்சு. மஞ்சளுக்கு அரிதாரம். பச்சைக்கு செம்புல புடிக்கிற களிம்பு, அது காலப்போக்குல தோலையே அரிச்சு ஓட்டை போட்டுடும். இளஞ்செவப்புக்கு அரக்கும், அப்புறம் பதிமுகக் கட்டையும், ரெண்டுமே கீழை நாட்டுலேர்ந்து கடல் வழியா போனது, இத்தாலி வியாபாரிங்க பதிமுகத்துல ஒரு ரகத்துக்கு கொல்லம் துறைமுகத்தோட பேரையே வச்சிருந்தாங்க. நீலத்துல உசத்தி லாபிஸ் லசூலி, அது ஆப்கானிஸ்தான்ல பதக்‌ஷான் மலையிலேர்ந்து வரணும், வெல தங்கத்தோட போட்டி போடும்.

இந்த லாபிஸ் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். ஜெர்மனில டால்ஹைம்ங்கிற எடத்துல ஒரு பெண் துறவிகள் மடத்துக் கல்லறையிலேர்ந்து எடுத்த ஒரு பெண்ணோட எலும்பு, 1000க்கும் 1200க்கும் நடுவுல வாழ்ந்தவங்க. அவங்க பல்லுல படிஞ்சிருந்த காரைக்குள்ள நீலத் துகள், சோதிச்சுப் பாத்தா லாபிஸ் லசூலி, ஆராய்ச்சி 2019ல வெளிவந்துச்சு. பிரஷ் நுனியைக் கூர் பண்ண நாக்குல வச்சு வச்சு எடுத்திருப்பாங்கங்கிறதுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்ற விளக்கங்கள்ல ரொம்பப் பொருத்தமானது. அந்த மடத்துப் புத்தகம் ஒண்ணு கூட மிஞ்சல. வரைஞ்சவங்க எல்லாரும் ஆண் துறவிகள்னு நாம சுலபமா சொல்லிட்டு இருந்தோம், அந்தப் பல்லு வந்து வாயை அடச்சுடுச்சு. ஓவியர்களோட பேரே பெரும்பாலும் தெரியாது, அபூர்வமா பைசாண்டியப் பேரரசர் இரண்டாம் பேசிலுக்கு 1000 வாக்குல செஞ்ச புத்தகத்துல, இப்ப வத்திக்கான்ல இருக்கு, 430 படத்துக்கும் பக்கத்துலயே வரைஞ்சவரு பேரு எழுதியிருக்கு, மொத்தம் எட்டு பேரு. அது தினம் ஒரு புனிதர்னு போற நாள்காட்டி மாதிரி, ஆனா செப்டம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான் இருக்கு.

போகப் போக இந்தப் புத்தகங்கள் மடத்தை விட்டு வெளிய வருது. 13ஆம் நூற்றாண்டுல செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ், புனித ஆல்பன் வாழ்க்கையை ஃபிரெஞ்சுல எழுதி அவரே படமும் வரைஞ்ச பிரதி டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல இருக்கு. அதோட முன் தாள்ல அவரு ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்காரு, அருண்டேல் சீமாட்டிகிட்ட இருக்கிற, நான் மொழிபெயர்த்து படம் போட்ட, புனித தாமஸ், புனித எட்வர்ட் பத்தின புத்தகத்தை வாங்கி அனுப்பு, கார்ன்வால் சீமாட்டி அதைப் பெந்தகோஸ்து வரைக்கும் வச்சுக்கட்டும்ங்கிற மாதிரி. பிரபுக் குடும்பத்துப் பெண்கள் கைமாத்தி கைமாத்திப் படிச்சிருக்காங்க. 1317ல பாரிஸ்ல ராஜாவுக்குக் குடுத்த புனித டெனிஸ் வாழ்க்கையில மேல புனிதரோட கதை ஓடும், கீழ பாலத்து மேல வண்டி, படகு, கடைன்னு அன்னைக்கு இருந்த பாரிஸ் ஓடும், அதுவும் பாக்க வேண்டியது.

படத்தை அவங்க பாத்ததோட விடல, தொட்டாங்க, முத்தம் குடுத்தாங்க. பல புத்தகங்கள்ல புனிதரோட முகமோ காலோ தேஞ்சு மங்கிப்போய் இருக்கும், பிசாசோட முகத்தை மட்டும் நகத்தாலயோ கத்தியாலயோ கீறி வச்சிருப்பாங்க. முதல்ல பாக்குறவங்க ஐயோ படம் கெட்டுப்போச்சேன்னு நெனப்பாங்க. என் கண்ணுக்கு அந்தத் தேய்மானம்தான் புத்தகத்துலயே விலை மதிக்க முடியாத எடம். புனித மார்கரெட்னு ஒருத்தங்க, டிராகன் முழுங்கி, அதோட வயித்தைப் பிளந்துக்கிட்டு முழுசா வெளிய வந்தவங்க, அதனால பிரசவத்துக்கு அவங்கதான் காவல். அவங்க வாழ்க்கை எழுதின சின்னப் புத்தகத்தை பிரசவ வலியில இருக்கிற பெண்ணோட வயித்து மேல வைக்கிற வழக்கம் இருந்துச்சு. லண்டன் வெல்கம் கலெக்‌ஷன்ல 1500ஐ ஒட்டின ஒரு பிரசவச் சுருள் இருக்கு, மூணு மீட்டருக்கு மேல நீளம், பத்து சென்டிமீட்டர்தான் அகலம், இடுப்பைச் சுத்திக் கட்டுற மாதிரி, ஜெபமும் புனிதர்களோட பேரும் எழுதினது. 2021ல அதோட மேற்பரப்பை சோதிச்சப்ப தேன், பால், முட்டை, தானியம் இதோட தடயமும், பெண்ணோட ஒடம்புத் திரவங்களோட தடயமும் இருந்துச்சு. அப்படின்னா அதை நிஜமாவே கட்டியிருக்காங்க. எத்தனை பேரு, பொழச்சாங்களா, அந்தத் தோலுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த நம்பிக்கை எவ்வளவு உயிரோட இருந்துச்சுன்னு அதை அழிக்க நெனச்சப்பதான் நல்லா தெரிஞ்சுது. 1538 நவம்பர்ல எட்டாம் ஹென்றி ராஜா, பெக்கெட் இனிமே புனிதர் இல்ல, எல்லாப் புத்தகத்துலேர்ந்தும் அவரு பேரை நீக்கணும், படங்களை எடுக்கணும்னு உத்தரவு போட்டாரு. சில பேரு ஒழுங்கா சொரண்டி எடுத்தாங்க. ஆனா சில புத்தகங்கள்ல பாருங்க, பேரு மேல முடி மாதிரி ஒரு மெல்லிய கோடு மட்டும் இழுத்திருப்பாங்க, கீழ இருக்கிற எழுத்து ஒண்ணு விடாம படிக்கலாம். உத்தரவையும் மீறல, அவரையும் அழிக்கல. டர்ஹாம்லயும் அதே காலத்துல ராஜாவோட ஆளுங்க வந்து கத்பர்ட்டோட கல்லறையை ஒடச்சாங்க, உள்ள எலும்பும் தூசியும் இருக்கும்னு நெனச்சவங்க ஒடம்பு முழுசா இருக்குறதைப் பாத்துட்டு கைய வைக்காம ராஜாகிட்ட கேக்க ஆள் அனுப்பினாங்கன்னு டர்ஹாம்காரங்க எழுதி வச்சிருக்காங்க. அலங்காரமெல்லாம் போச்சு, புத்தகம் தப்பிச்சது.

பிரிட்டிஷ் லைப்ரரி வலைத்தளத்துல நீங்க பாத்த அந்தக் கத்பர்ட் புத்தகத்தோட ஸ்கேன் முன்னாடி முழுசா இருந்துச்சு, 2023 அக்டோபர்ல நடந்த சைபர் தாக்குதலுக்கு அப்புறம் அவங்க ஒவ்வொண்ணா திரும்பக் கொண்டு வந்துட்டு இருக்காங்க, அதனால ஒரு தடவ கெடைக்கலைன்னா கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி தேடுங்க. கெடச்சதும் நீர்நாய் கதை வர்ற பத்தாவது அதிகாரத்தோட படத்துக்குப் போய், கத்பர்ட்டை விட்டுடுங்க, நீர்நாயையும் விட்டுடுங்க, ஒளிஞ்சு பாத்துட்டு இருக்கிற அந்தத் துறவியைத் தேடுங்க. பீட் அவரோட பேரை எழுதவே இல்ல.